பாட்டு நின்றுபோன வருடங்களைப் படமாக்குவது எப்படி

பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருப்பவன். 2024ல் முதல் தடவையாக ஒரு ஆவணப்படம் எடுத்து முடித்தேன். 42 நிமிடம். என் தாய்மாமாவைப் பற்றியது. மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு நாடக செட்டில் (கூத்துக் குழுவில்) பாஞ்சாலி வேஷம் கட்டிப் பாடியவர் அவர். குடி, கடன், செட்டுக்குள் சண்டை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் பாட்டை விட்டுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். 18 வருடம் கழித்து மறுபடி பாடினார்.

படத்தைப் பார்த்த பலர், "எங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார், எப்படி எடுக்கணும்?" என்று கேட்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி ஒருவர் இல்லாத ஊரே குறைவு. கூத்தில் பாடியவர், பாட்டுக் கச்சேரியில் பாடியவர், கோயிலில் பம்பைக்குப் பாடியவர் என்று யாராவது இருப்பார். அவர்களைப் படமெடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த மாதிரிப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பேரோடு இருந்த காலத்தைக் கொஞ்சம் காட்டுவார்கள், திரும்பி வந்ததை நிறையக் காட்டுவார்கள். நடுவில் உள்ளது 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று ஒரு வரியில் போய்விடும். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1933ல் கணவர் கிட்டப்பா இறந்தபோது அந்த அம்மாவுக்கு 25 வயது. வெள்ளைச் சேலைக்கு மாறி மேடையை விட்டு ஒதுங்கினார். அப்புறம் 1935ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியதை எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டு வருடத்தில் கொடுமுடி வீட்டில் ஹார்மோனியம் எந்த மூலையில் கிடந்தது, காலையில் எழுந்ததும் தொண்டை தானாகச் சுதி தேடியதா என்பதை யார் சொல்வார்கள்? நான் பார்க்க ஆசைப்படும் படம் அதுதான். மாமாவின் படத்தையும் அந்த எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன்.

கேமரா இல்லாமல் ஒரு மாதம்

ஆரம்பத்தில் தப்பாகத்தான் செய்தேன். ட்ரைபாட், லைட் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் மாமாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன். அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, மேடையில் நன்றி சொல்கிற மாதிரி பேசினார். "கலைத்தாயின் ஆசியால்" என்று ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் எடுத்ததில் ஒரு நிமிடம்கூடப் படத்தில் இல்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் கேமராவைத் தொடவில்லை. சின்ன வாய்ஸ் ரெக்கார்டர் மட்டும். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். மாமாவும் அத்தையும் வாசலில் உட்கார்ந்து கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். நானும் ஒரு கட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. படத்தில் மாமா பேசும் பாதி இடங்களில் 'டொக் டொக்' என்று பின்னால் கேட்கும். அதை எடுத்துவிடச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. பேச்சு எங்கே கனமாகிறதோ அங்கே தட்டும் சத்தம் நின்றுபோகும். அந்த நிறுத்தத்தை எந்தப் பின்னணி இசையாலும் கொண்டுவர முடியாது.

பாடகி ஏமி வைன்ஹவுஸ் பற்றி ஆசிஃப் கபாடியா 2015ல் எடுத்த படத்தில், பேட்டி கொடுத்தவர்கள் முகம் காட்டிப் பேசவே மாட்டார்கள், குரல் மட்டும்தான் வரும். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கும் தைரியம் வந்தது. குரலை முதலில் சேருங்கள். படம் அப்புறம் வரும்.

கேள்வியையும் யோசித்துக் கேளுங்கள். "ஏன் பாடுவதை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் எவரும் ஊருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்வார். நான் கேட்டது, "கடைசியா வேஷம் கட்டின ராத்திரி என்ன சாப்ட்டீங்க மாமா?" என்பது. கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சாப்டல மாப்ள. அரிதாரம் கூடக் கழுவல. அப்படியே வந்து காலைல முதல் பஸ்ல உக்காந்துட்டேன். கண்டக்டர் என் மூஞ்சியப் பாத்துட்டு டிக்கெட்டுக்குக் காசு வாங்கல." படத்தின் முதல் குரலே அதுதான்.

வருடங்களைச் சரிபார்ப்பது

நம் ஆட்கள் வருடத்தை எண்ணால் சொல்ல மாட்டார்கள். மாமா பெங்களூர் போனது 'கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சப்போ' என்றார். அது 2004 பிப்ரவரி. ஆனால் ஊர்க்காரர் ஒருவர் பரணில் இருந்து எடுத்துக் கொடுத்த 2005 சித்திரைத் திருவிழா நோட்டீஸில் மாமா பேர் இருக்கிறது. ஆக 2005தான் சரி. திரும்பியது எப்போது என்றால், 'நோட்டு செல்லாமப் போச்சுல்ல, அப்ப மேஸ்திரி கூலி குடுக்க முடியாம வேலைய நிறுத்திட்டாரு' என்றார். அது 2016 நவம்பர். ஆனால் ஊருக்கு வந்தபிறகும் ஆறு வருடத்துக்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பெங்களூரால் பாட்டு நின்றது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை.

அதனால் ஒரு பெரிய சார்ட் தாளைச் சுவரில் ஒட்டி, வருடம் வருடமாகக் கோடு போடுங்கள். திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, அடகுச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு எல்லாம் சாட்சி. எந்த வருடத்துக்கு எதுவும் கிடைக்கவில்லையோ, அதற்குச் சிவப்பு வட்டம். நீங்கள் போக வேண்டிய இடம் அந்த வட்டம்.

ஒரே ஒரு கேசட்

மாமாவின் பழைய குரல் ஒரு கேசட்டில்தான் மிச்சம் இருந்தது. பாப்பாரப்பட்டியில் ஒருவர் 1998ல் மேடைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது. அதை நான் முதலில் ஒரு கடையில் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கொடுத்தேன். திரும்பி வரும்போது ஆரம்பத்தில் மூன்று நிமிடம் அழிந்திருந்தது, யாரோ தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டார்கள். அந்த மூன்று நிமிடம் போனது போனதுதான். ஆகவே கேசட் கைக்கு வந்ததும் முதல் வேலை, அதன் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிடுங்கள். அப்புறம் எவர் அழுத்தினாலும் அதில் பதியாது.

வீட்டிலேயே மாற்றலாம். சக்கரத்தைப் பென்சிலால் சுற்றி நாடாவை இறுக்குங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், நாடாவும் கெடும், நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டும் கெடும், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட்போன் துளையில் இருந்து ஒரு ஒயர், கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். சத்தம் மந்தமாக, கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மயிரிழை திருப்பிப் பாருங்கள். சட்டென்று தாளத்தின் ஓசை தெளியும் இடம் ஒன்று வரும். அங்கே விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் செய்து மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு முட்டியில் விரலால் தாளம் போட்டார். அழுவார் என்று நினைத்து மொபைலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சுதி ஏறிக் கெடக்கு மாப்ள. நாங்க அஞ்சரைக் கட்டை. இது ஆறுல ஓடுது," என்றார். கட்டை என்றால் இங்கே சுதியின் உயர அளவு. ஹார்மோனியத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. பதியும்போது பேட்டரி இறங்கியிருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். நல்ல கரண்டில் போடும்போது அது வேகமாகவும் உயரமாகவும் கேட்கும். அரைக் கட்டைக்கு ஏறக்குறைய ஆறு சதவீதம். ஆடாசிட்டியில் வேகத்தை அந்த அளவு குறைத்தேன். கேசட்டின் கடைசிப் பகுதியில் பேட்டரி இன்னும் இறங்கியிருந்ததால் அங்கே இன்னும் கொஞ்சம். ஹார்மோனியத்தின் ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டே ஒவ்வொரு பாட்டாகச் சரிசெய்தோம். 18 வருடம் பாடாத மனிதர், தன் குரலுக்குத் தானே சுதி சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொபைலில் எடுத்த அந்தக் காட்சி நாலரை நிமிடம், ஒரு வெட்டும் இல்லாமல் படத்தில் அப்படியே இருக்கிறது.

எதுவுமே பதிவாகாத வருடங்கள்

சிவப்பு வட்டத்துக்கு வருவோம். போட்டோ கிடையாது, வீடியோ கிடையாது. ஆளை வைத்து நடித்துக்காட்டலாம் என்று என் உதவியாளர் சொன்னார். வேண்டாம் என்றேன். இன்னொருவர் முதுகைக் காட்டி அதுதான் மாமா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று வழியில் போனேன்.

முதலாவது, இடத்துக்கு அவரையே கூட்டிப்போனது. பாலக்கோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூர். ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, நான் எதிரில் ஒன்றும் பேசாமல் எடுத்தேன். ராயக்கோட்டை தாண்டியதும் மலையும் பாறையும் வரும். அங்கே அவர் முகம் மாறுவதை என்னால் விளக்க முடியாது, படத்தில் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் அவர் வேலை செய்த அடுக்குமாடி ஒன்றில் உள்ளே விடவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று விரலால் மாடி எண்ணினார். "ஏழு வரைக்கும் சாந்து நான் சுமந்தது. அதுக்கு மேல வேற ஆளு." அவ்வளவுதான் சொன்னார். நான் இன்னும் ஐந்து நிமிடம் கேமராவை நிறுத்தாமல் வைத்திருந்தேன். துணி காய்ந்தது, ஒரு பால்கனியில் குழந்தை எட்டிப்பார்த்தது. இந்த மாதிரி இடத்தில் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, பாட்டைக் கேட்காமல் போனவர்களைக் கேட்டது. பாடியதைக் கேட்டவர்களைத்தான் எல்லோரும் தேடுவோம். நான் அவர் இல்லாத திருவிழாக்களுக்குப் போன பெண்களைத் தேடிப்போனேன். ஒரு பாட்டி சொன்னார்: "அப்புறம் வந்த பையனும் நல்லாத்தான் பாடினான். ஆனா துகில் உரியறப்போ நாங்க எந்திரிச்சு காபி குடிக்கப் போயிட்டோம்." இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்?

மூன்றாவது, அத்தை. மாமா மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்தபோதெல்லாம் வீட்டில் என்ன சத்தம் கேட்டது என்று மட்டும் கேட்டேன். "தூக்கத்துல முனகுவாரு. பாட்டுனு நெனச்சு எந்திரிச்சு உக்காருவேன். இருமலாத்தான் இருக்கும்." சிமெண்டுத் தூசி இருமல்.

கூத்து ராத்திரியில் என்ன செய்வது

2023 சித்திரையில் பாரதம் போட்டார்கள். 18 நாள், பகலில் பாரதம் படிப்பது, ராத்திரி நாடகம், கடைசியில் துரியோதனன் படுகளம். மாமா வேஷம் கட்டவில்லை. பின்பாட்டுக்கு, அதாவது பின்னால் இருந்து சேர்ந்து பாட, உட்காருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

விடிய விடிய நடக்கும் கூத்தை எடுக்கும்போது ஒலிக்குத் தனிக் கருவி வேண்டும். முதல் நாளே மைக்செட்காரரைப் பார்த்து, டீ வாங்கிக்கொடுத்து, அவர் மிக்ஸரில் இருந்து ரெக்கார்ட் வெளியே வரும் துளையில் ஒரு ஒயர் கேளுங்கள். அது ஒரு ரெக்கார்டருக்கு. இன்னொரு ரெக்கார்டரைப் பெண்கள் உட்காரும் பக்கம் வையுங்கள். அழுகை, சிரிப்பு, சாமி வந்து கத்துவது எல்லாம் அதில்தான் கிடைக்கும். முகவீணை (ஊதும் சின்னக் குழல்) காதைக் கிழிக்கும், அதனால் லெவலை மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும் முன் மொபைலுக்கு எதிரே ஒரு தடவை கை தட்டுங்கள், அப்புறம் படத்தையும் ஒலியையும் சேர்ப்பது சுலபம். மொபைலில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் நொடியில் 50ல் ஒரு பங்கு. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ் என்பதால் இப்படி வைத்தால்தான் ட்யூப்லைட் மினுக்காது.

இதையெல்லாம் செய்தும், 16ஆம் நாள் ராத்திரி மூன்றேகால் மணிக்கு மொபைல் சூடாகி நின்றுவிட்டது. அதே நேரம் பாஞ்சாலி கட்டியிருந்த பையனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பின்னால் இருந்து மாமா அவன் பாட்டை எடுத்துப் பாடினார். பையன் முன்னால் ஆட, குரல் மாமாவுடையது. 18 வருடத்தில் அவர் தனியாகப் பாடிய முதல் பாட்டு. என்னிடம் படம் இல்லை, ஒலி இருந்தது. அந்த ஆறு நிமிடத்துக்கு, வேறொரு ராத்திரி எடுத்திருந்த பெண்கள் முகத்தைப் போட்டிருக்கிறேன். அது வேறு ராத்திரி எடுத்தது என்று திரையில் எழுதியும் காட்டியிருக்கிறேன். அதை மறைத்திருந்தால் மீதி 36 நிமிடத்தையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

மொபைலில் எடுப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். ராட்ரிகஸ் என்ற பாடகரைத் தேடிப்போகும் படம் 2013ல் ஆஸ்கர் வாங்கியது. பணம் தீர்ந்துபோய் அதில் சில காட்சிகளை மொபைலில், ஒரு சின்ன ஆப் வைத்துத்தான் எடுத்தார் இயக்குநர்.

திரும்பிய குரலை அலங்கரிக்காதீர்கள்

மாமாவின் குரல் இப்போது நாலு கட்டை. மேலே போனால் உடைகிறது. எடிட்டிங்கில் சுதியைச் சரிசெய்யும் வசதி பல மென்பொருளில் இருக்கிறது. வயலின் சேர்க்கலாம், எதிரொலி போடலாம். செய்யாதீர்கள். உடைகிற இடத்தில்தான் அந்த 18 வருடமும் இருக்கிறது.

திரும்பி வந்ததை இருந்ததைவிடப் பெரிதாகவும் காட்ட வேண்டாம். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944ல் வந்து மூன்று தீபாவளி கண்டது. அந்த வருடக் கடைசியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947ல் விடுதலையாகி வந்து பாடினார், நடித்தார். பழைய கூட்டம் திரும்பவில்லை. 1959ல் இறந்துபோனார். விடுதலையான நாளோடு படத்தை முடித்தால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் பாடிய பாட்டெல்லாம் என்ன ஆவது? என் மாமா அந்தத் திருவிழாவில் தனியாக மொத்தம் மூன்று பாட்டுப் பாடினார். மூன்று என்றே படத்தில் சொல்லியிருக்கிறேன்.

உரிமை, அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழிவழியாக வந்த கூத்துப் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை. ஆனால் டீக்கடை ரேடியோவில் ஓடும் சினிமாப் பாட்டு உங்கள் படத்தில் விழுந்தால் யூடியூப் உடனே பிடித்துவிடும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம். ஒலிப்பதிவுக்கு வெளியானதில் இருந்து 60 வருடம். பேட்டி எடுக்கப்போகும்போது டீக்கடைக்காரரிடம் ரேடியோவைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்கள். பாடுகிறவருக்கும் தன் பாட்டின்மீது சட்டத்தில் தனி உரிமை உண்டு. சொந்த மாமாவாக இருந்தாலும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கெங்கே போடுவீர்கள், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

வெளியிடும் முன் முழுப் படத்தையும் வீட்டார் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டியபோது மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தார். "அந்த ஒரு விசயம் மட்டும் வேண்டாம்டா சாமி. பேத்திக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கோம்," என்றார். படத்திலேயே வலுவான இரண்டு நிமிடம் அது. எடுத்துவிட்டேன், ஹார்ட் டிஸ்கில் இருந்தும் அழித்துவிட்டேன். அது என்ன என்று இங்கேயும் எழுத மாட்டேன். படத்துக்காக அவர்கள் வாழவில்லை, அவர்கள் வாழ்ந்ததில் கொஞ்சம் நமக்குக் கொடுத்தார்கள்.

முதல் காட்சியைக் கோயில் வாசலில் போட்டோம். அதே மைக்செட்காரர், வாடகைப் புரொஜெக்டர், இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரை. வேட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்று கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் பின்பக்கம் போய்விடும். தெருவிளக்கை அணைக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படத்தோடு வேலை முடியவில்லை. 18 ராத்திரியின் முழு ஒலியையும் வெட்டாமல் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று என்னிடம், ஒன்று செட்டு வாத்தியாரிடம், ஒன்று பாப்பாரப்பட்டிக்காரரிடம் அவருடைய கேசட்டோடு சேர்த்து. பாஞ்சாலி கட்டும் பையன் பென் டிரைவ் கேட்டு வந்தான். 16ஆம் நாளைத்தான் கேட்பான் என்று நினைத்தேன். மாமா பின்பாட்டில் மட்டும் பாடிய மற்ற ராத்திரிகளையும் சேர்த்துக் கேட்டான், மூச்சு எங்கே எடுக்கிறார் என்று அதில்தான் தெரிகிறதாம்.